காசோலை திரும்பி வந்தது: எண்ணிக்கை குறைந்த சூப்பர்காரை எந்த வழியில் வாங்குவது?

2016-ல் ஃபெராரியின் அன்றைய தலைவர் செர்ஜியோ மார்க்கியோனேவுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து 10 லட்சம் டாலருக்கு ஒரு காசோலை போனது. அனுப்பியவர் பிரெஸ்டன் ஹென், பழைய பந்தய ஓட்டுநர், பல ஆண்டுகளாக ஃபெராரிகளை வாங்கிச் சேர்த்தவர். லாஃபெராரி அபெர்ட்டா என்ற திறந்த கூரைக் கார் வரப்போகிறது, அதில் ஒன்றை எனக்கு ஒதுக்குங்கள் என்பதற்கான முன்பணம் அது. காசோலை திரும்பி வந்தது. அந்தக் காருக்கு அவர் தகுதியானவர் இல்லை என்றார்கள். ஹென் வழக்குப் போட்டார். கார் தரவில்லை என்பதற்காக அல்ல, தகுதியில்லை என்று சொன்னது தன் பெயருக்கு இழுக்கு என்பதற்காக. பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

‘பணம் இருந்தாலும் தரமாட்டார்களாமே, அப்படியானால் யாருக்குத்தான் தருவார்கள்? வாங்க நினைப்பவர் எந்த வழியில் போவது நல்லது?’ என்று கேட்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்பவர்களில் எத்தனை பேர் வாங்கப் போகிறார்கள் என்று நான் விசாரிப்பதில்லை. எழுதுகிற நானே ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ஆள்தான்.

நமக்கு இந்தச் சங்கதி புதிதும் இல்லை. 1983-ல் மாருதி 800-க்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். யாருக்கு முதலில் கார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. அதற்கு முன்பு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை, வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் கள்ளச் சந்தை. ஆனால் அங்கே கம்பெனிக்குத் தயாரிக்கும் திறன் போதவில்லை. இங்கே தட்டுப்பாட்டைக் கம்பெனியே உண்டாக்குகிறது. ஆகவே வாங்குகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. சூப்பர்கார் உலகில் குலுக்கல் மட்டும் ஏனோ கிடையாது. ஏனோ என்ன, காரணம் தெரிந்ததுதான்: குலுக்கலில் கம்பெனிக்கு லாபம் எதுவும் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

விலையை வைத்து மட்டும் ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, மொத்தச் செலவு. பில்லில் உள்ள தொகை மட்டுமல்ல, அந்தப் பில் உங்கள் பெயரில் போடப்படுவதற்கு முன்னால் நீங்கள் செலவழித்ததும் சேர்த்து. இரண்டாவது, காத்திருப்பு. மூன்றாவது, கார் கைக்கு வந்தபின் அது எவ்வளவு தூரம் உங்களுடையது: விற்கலாமா, நிறம் மாற்றலாமா, கம்பெனியைப் பற்றி வாய் திறக்கலாமா. நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான்: இந்த முயற்சி தோற்றுப்போனால் என் கையில் என்ன மிஞ்சும்?

## முதல் வழி: அழைப்புக்குக் காத்திருப்பது

இது ஃபெராரியின் வழி. ‘சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே தர வேண்டும்’ என்று கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1995-ல் வந்த எஃப்50 சரியாக 349 கார்களோடு நிறுத்தப்பட்டது. 350 பேர் வாங்குவார்கள், அதில் ஒன்று குறைத்துக்கொண்டோம் என்பது கணக்கு. கம்பெனி பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. அதற்கு முந்தைய எஃப்40-ஐ 400 மட்டும் செய்வதாகத் தொடங்கி 1,300-க்கும் மேல் செய்தார்கள். அந்தக் காலத்தில் கார் வாங்கியவர்களை விடக் காரை வைத்துச் சூதாடியவர்கள்தான் அதிகம்.

இப்போது நடைமுறை இப்படி. டீலர் பெயர்களைப் பரிந்துரைப்பார், கடைசி முடிவு கம்பெனியின் தலைமையகம் இருக்கும் இத்தாலியின் மரனெல்லோவில். எத்தனை புது ஃபெராரிகள் வாங்கினீர்கள், எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், கம்பெனி நடத்தும் பந்தயப் பயிற்சிகளிலும் ஊர்வலப் பயணங்களிலும் கலந்துகொள்கிறீர்களா, பழைய ஃபெராரி வைத்திருந்தால் அதற்குக் கம்பெனியின் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா என்று எல்லாம் பார்க்கப்படும். கல்யாணத்துக்கு முன் வரன் வீட்டாரைப் பற்றி நாலு தெருவில் விசாரிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். என்ன, இங்கே விசாரிக்கிறவர்களுக்குத்தான் பணமும் கொடுக்க வேண்டும்.

2013-ல் லாஃபெராரி ஜெனீவா கார் கண்காட்சியில் திரை விலகியபோது 499 கார்கள்தான் என்றார்கள். கேட்டவர்கள் அதைவிட மிக அதிகம். 2021 நவம்பரில் டேடோனா எஸ்பி3 வெளியானபோது 599 கார்களும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தன. விலை சுமார் 20 லட்சம் யூரோ. அந்த 599 பேரில் பெரும்பாலோர் அதற்கு முன் 499 மட்டும் வந்த மோன்ஸா எஸ்பி1, எஸ்பி2 கார்களை வாங்கியவர்கள். 2024 அக்டோபரில் எஃப்80 வந்தது: 799 கார்கள், 36 லட்சம் யூரோ, கேட்டவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு. கவனித்தால் இது ஓர் ஏணி. மேல்படியில் நிற்பவர் கீழ்ப்படிகள் எல்லாவற்றுக்கும் பணம் கட்டித்தான் ஏறி வந்திருக்கிறார்.

மறைந்த செலவும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு இருக்கையில் ஒன்று, நான்கு இருக்கையில் ஒன்று, கூரை மடங்குவதில் ஒன்று என்று உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத சாதாரண ஃபெராரிகளை வரிசையாக வாங்க வேண்டும். ‘சாதாரண’ என்ற சொல்லுக்கு மன்னிக்கவும், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான டாலர். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத இந்தக் கார்கள் பெரும்பாலும் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும். அந்த இறக்கத்தை யாரும் எஃப்80-யின் விலையோடு கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடத்தை. இசைக்கலைஞர் டெட்மவ்5 தன் ஃபெராரி 458 இத்தாலியாவின் மேல் இணையத்தில் பிரபலமான வானவில் பூனைப் படத்தை ஒட்டி, குதிரைச் சின்னத்துக்குப் பதிலாகப் பூனைச் சின்னமும் வைத்துக்கொண்டார். 2014-ல் ஃபெராரியின் வக்கீல் கடிதம் வந்துசேர்ந்தது. அது எண்ணிக்கை குறைந்த கார்கூட இல்லை, யாரும் வாங்கக்கூடிய மாடல். அதற்கே இப்படி என்றால், பட்டியலில் நிற்பவர் எவ்வளவு அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்றால் என்ன மிஞ்சும்? விலை இறங்கிய நாலைந்து ஃபெராரிகள். ஆனால் அந்த நாலைந்தையும் நீங்கள் ஆசைப்பட்டு, ஓட்டுவதற்காகவே வாங்கியிருந்தால் நஷ்டம் என்று எதுவும் இல்லை. ஆக, எப்படியும் ஃபெராரிதான் வாங்கப் போகிறவர், இன்னும் பத்து ஆண்டு பொறுக்கக்கூடியவர், கம்பெனியின் விருந்துகளில் மனப்பூர்வமாகச் சந்தோஷப்படுகிறவர்: இவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு காருக்காக இந்த ஏணியில் கால்வைப்பவருக்கு இதைவிட மோசமான வழியும் இல்லை.

## இரண்டாம் வழி: விண்ணப்பம் போடுவது

ஃபோர்டு செய்தது முற்றிலும் வேறு. 1966-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஜிடி40 பந்தயக் காரின் வெற்றிக்கு ஐம்பதாவது ஆண்டை ஒட்டிப் புதிய ஃபோர்டு ஜிடியைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 250 கார், விலை சுமார் 4.5 லட்சம் டாலர். 2016 ஏப்ரலில் இணையத்தில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட்டு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். 10,000-க்கும் அதிகமானோர் தொடங்கினார்கள், முழுதாக நிரப்பி அனுப்பியவர்கள் 6,506 பேர். முதல் இரண்டு ஆண்டுக்கு இருந்ததோ 500 கார்.

படிவத்தில் என்ன கேட்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். ஏற்கெனவே ஃபோர்டு வைத்திருக்கிறீர்களா, 2005-06-ல் வந்த முந்தைய ஜிடியின் உரிமையாளரா, இந்தக் காரை எவ்வளவு அடிக்கடி ஓட்டுவீர்கள், மக்களிடையே செல்வாக்கு உள்ளவரா, விழாக்களுக்குக் காரைக் கொண்டுபோவீர்களா. விரும்பினால் ஒரு நிமிட வீடியோவும் சேர்க்கலாம். கோடீஸ்வரர்கள் கேமரா முன் நின்று ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கெஞ்சிய காட்சியைக் காண இணையம் முழுக்கக் கூட்டம் கூடியது. வேலைக்கு மனு எழுதிப் பழகிய நமக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

ஃபெராரி முறையோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நியாயம் உண்டு. கேள்விகள் எல்லோருக்கும் ஒன்று, கெடு ஒன்று. முன்னால் ஐந்து கார் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் வாங்கியிருந்தால் நல்லது. முயற்சிக்குச் செலவு ஒரு மாலைப்பொழுது. தோற்றால் ஒரு வருத்தக் கடிதம், அவ்வளவுதான். நான்காவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தரும் வழி வேறில்லை.

ஆனால் மூன்றாவது கேள்வியில் வந்து இடிக்கிறது. தேர்வானவர்கள் கார் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு விற்கக்கூடாது என்று ஒப்பந்தம். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா 6,506 பேரில் தேர்வான ஒருவர். 2017 செப்டம்பரில் கார் வந்தது. அடுத்த மாதமே விற்றுவிட்டார். நவம்பரில் ஃபோர்டு அவர்மேல் வழக்குத் தொடுத்தது: ஒப்பந்தத்தை மீறினார், கம்பெனியின் பெயரை உயர்த்துவார் என்று நம்பிக் கொடுத்த காரை லாபத்துக்கு விற்றார் என்று. 2018 ஜூனில் சமரசம். வெளியே சொல்லப்படாத ஒரு தொகை அறப்பணிக்குப் போனது, சீனா மன்னிப்புக் கேட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, இண்டியானாபொலிஸில் மீக்கம் நிறுவனத்தின் ஏலத்தில் வேறொரு ஃபோர்டு ஜிடி மேடை ஏறியது. தடுக்கக் கேட்டு ஃபோர்டு நீதிமன்றம் போனது, தடை கிடைக்கவில்லை. கார் 16.5 லட்சம் டாலருக்குப் போனது. ஆகஸ்டில் மீக்கமும் ஃபோர்டும் சமரசமாகி, இரண்டு ஆண்டு முடியாத ஜிடிகளை இனி ஃபோர்டின் சம்மதமில்லாமல் ஏலம் விடுவதில்லை என்று முடிவானது.

இந்த இரண்டு வழக்கையும் படிக்கிறவர்கள் ‘ஃபோர்டு என்ன இவ்வளவு கறாரா’ என்பார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. 4.5 லட்சத்துக்குக் கொடுத்த பொருள் வெளியே 16.5 லட்சம் என்றால், இடையில் உள்ள 12 லட்சம் டாலரை ஃபோர்டு வாங்குகிறவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறது. அந்தப் பரிசை இரண்டு ஆண்டுக்குப் பிரிக்காதே என்பதுதான் நிபந்தனை. இலவசமாக வந்த பிரியாணியைக் கடையில் வைத்து விற்காதே என்பது போல. நியாயமா என்றால், நியாயம்தான். ஆனால் இரண்டு ஆண்டில் உங்களுக்கு உடம்பு முடியாமல் போகலாம், தொழில் நொடிக்கலாம், வீடு மாறலாம். பணம் முழுவதும் ஒரே காரில் முடங்கியவருக்கு இந்த நிபந்தனை சின்ன விஷயம் இல்லை.

மொத்த எண்ணிக்கையும் கல்லில் எழுதியது அல்ல. 1,000 என்று சொன்னதை 2018-ல் 1,350 ஆக்கி, மறுபடியும் விண்ணப்பம் திறந்தார்கள். முதலில் வாங்கியவருக்கு எரிச்சல், முதலில் தோற்றவருக்கு இரண்டாம் வாய்ப்பு.

## மூன்றாம் வழி: முன்பணம் கட்டி வரிசையில் நிற்பது

பந்திக்கு முந்துவது. ஜாதகம் பார்க்கமாட்டார்கள், முன்பணம் கட்டினால் இடம் உங்களுடையது. கேட்க எளிமையாக இருக்கிறது. அதனால்தான் இதில் கால் வழுக்கியவர்களும் அதிகம்.

நல்ல உதாரணம் போர்ஷே 918 ஸ்பைடர். பெயருக்கேற்ப 918 கார்கள், அமெரிக்காவில் 8.45 லட்சம் டாலரில் தொடக்க விலை. 2013 செப்டம்பர் 18-ல், அதாவது ஒன்பதாம் மாதம் பதினெட்டாம் தேதி, தயாரிப்பைத் தொடங்கினார்கள். இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் முழுவதும் விற்றுத் தீர்ந்ததாக அறிவித்தது 2014 டிசம்பரில்தான். ஓராண்டுக்கும் மேலாக, பணம் உள்ள எவரும் டீலரிடம் போய்ச் சொல்லிவைத்திருக்கலாம். லாஃபெராரிக்கு மண்டியிட்டுக் கொண்டிருந்தவர்கள் அன்று திரும்பிப் பார்க்காத அந்தக் கார், இன்று தொடக்க விலையைப் போல இரு மடங்குக்குக் கைமாறுகிறது. கூடுதலாக ஒன்று: 918-க்குச் சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் என்று தனி 911 டர்போ எஸ் பதிப்பு ஒன்றையும் போர்ஷே விற்றது. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கார். வியாபாரம் என்றால் இது.

கார் வடிவமைப்பாளர் கோர்டன் மரேயின் டி.50 இன்னொரு முகம். நடுவில் ஓட்டுநர், இரு பக்கமும் ஒவ்வொருவர், நிமிடத்துக்கு 12,100 சுற்றுவரை போகும் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின், 100 கார்கள், வரிக்கு முன் 23.6 லட்சம் பவுண்டு. 2020 ஆகஸ்டில் வெளியாகி இரண்டு நாளில் தீர்ந்தது. இங்கே முந்துவதற்கு உங்களிடம் பணம் மட்டுமல்ல, துணிவும் வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பெனியின் பெயரில் அதற்கு முன் ஒரு காரும் வெளிவந்ததில்லை. மெக்லாரன் எஃப்1 என்ற புகழ்பெற்ற காரை வடிவமைத்த மனிதர் என்ற ஒரே நம்பிக்கைதான் ஜாமீன்.

இனி வழுக்கிய கதை. 1988-ல் பர்மிங்காம் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐக் காட்டியபோது வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று சொன்னார்கள். ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணம். 350 கார்தான் என்ற பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முண்டியடித்தார்கள். கையில் வந்தபோது எஞ்சின் ஆறு சிலிண்டர் மட்டும் கொண்ட இரட்டை டர்போ வி6, இயக்கம் பின் சக்கரத்துக்கு மட்டும், விலையோ 4 லட்சம் பவுண்டைத் தாண்டி ஏறியிருந்தது. அதற்குள் பொருளாதாரமும் சரிந்துவிட்டது. பலர் பின்வாங்கப் பார்த்தார்கள். ஒப்பந்தம் விடவில்லை. நீதிமன்றம் வரை போய், ஜாகுவார்தான் ஜெயித்தது. கடைசியில் 300-க்கும் குறைவான கார்களே செய்யப்பட்டன. எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்று நம்பியவர்களுக்கு எக்ஸ்ஜே220 பல ஆண்டுகள் வாங்கிய விலைக்குக் கீழேயே கிடந்தது.

காத்திருப்பு இந்த வழியின் இரண்டாவது பள்ளம். மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஒன் 2017-ல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் காட்டப்பட்டது, 275 கார்கள், வரிக்கு முன் சுமார் 22.75 லட்சம் யூரோ. வாங்கியவர் கைக்குக் கார்கள் போகத் தொடங்கியபோது 2023 பிறந்துவிட்டது. இந்தக் காருக்குள் வைத்தது ஃபார்முலா 1 பந்தயக் காரின் எஞ்சின், அது சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும். அதைச் சாலைக் காருக்காக 1,200 அளவுக்கு இறக்கி, புகை விதிகளுக்குள் அடக்குவதற்குள் பொறியாளர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதற்கு ஒப்புக்கொண்ட நாளில் நாங்கள் போதையில் இருந்திருப்போம் என்று கம்பெனியின் தலைவர் ஓலா கெல்லேனியஸே வேடிக்கையாகச் சொன்னார். அந்த ஐந்தாறு ஆண்டில் முன்பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி எங்கே என்று கேட்டால் அதற்கு வேடிக்கையான பதில் இல்லை.

வரிசையில் இடம் கிடைத்ததும் அந்த இடத்தையே விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் சாலைப் பதிப்பு 150 கார்கள். கார் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2017-ல், ஒதுக்கீட்டை விற்பவர் யாரென்று கண்டுபிடித்தால் இனி எந்தச் சிறப்புக் காரும் அவருக்குக் கிடையாது என்று கம்பெனித் தலைவர் ஆண்டி பாமர் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

## இடைச்செருகல்: குத்தகை

இதற்குத் தனி இடம் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. எஃப்50-ஐ அமெரிக்காவில் ஃபெராரி நேரடியாக விற்கவில்லை, இரண்டு ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கார் உங்கள் பெயரில் இல்லை என்றால் எப்படி விற்பீர்கள்? லெக்ஸஸ் எல்எஃப்ஏவும் அமெரிக்காவில் இதே வழியில்தான் தொடங்கியது: 500 கார்கள், 3.75 லட்சம் டாலர், இரண்டு ஆண்டுக் குத்தகை. பிறகு, விற்பதாக இருந்தால் முதலில் டீலரிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்பனைக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

விசேஷம் என்னவென்றால், யாரும் லாபத்துக்கு விற்றுவிடக் கூடாதே என்று இவ்வளவு பாதுகாத்த காரை வாங்கவே ஆள் போதவில்லை. தயாரிப்பு 2012 டிசம்பரில் முடிந்தது. 2017-லும் அமெரிக்க டீலர்களிடம் புத்தம் புது எல்எஃப்ஏக்கள் பன்னிரண்டு நின்றுகொண்டிருந்தன. இன்று அவற்றின் விலை அன்றைய விலையைப் போல இரு மடங்கு. தகுதித் தேர்வு, வரிசை, சிபாரிசு என்று எதுவுமே இல்லாமல் நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

## நான்காம் வழி: கைமாற்றில் வாங்குவது

அதாவது, ஏற்கெனவே ஒருவர் வாங்கிய காரை அவரிடமிருந்தோ ஏலத்திலோ வாங்குவது. இதைத் தோற்றவர்களின் வழி என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

லாஃபெராரி அமெரிக்காவில் புதிதாக விற்றது சுமார் 14 லட்சம் டாலருக்கு. இப்போது ஏலத்தில் 30, 40 லட்சம், அதற்கு மேலும். வயிற்றெரிச்சலான வித்தியாசம்தான். ஆனால் 14 லட்சத்துக்கு வாங்கியவர் அதற்கு முன் எத்தனை ஃபெராரிகள் வாங்கினார், அவற்றில் எவ்வளவு விட்டார், எத்தனை ஆண்டு காத்தார் என்பது அந்த 14 லட்சத்தில் இல்லை. கைமாற்றில் எல்லாச் செலவும் ஒரே வரியில் கண்முன் நிற்கிறது. காத்திருப்பு இல்லை, நேர்காணல் இல்லை. நீங்கள் யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை, நாளைக்கே விற்கலாம், பூனைப் படமும் ஒட்டலாம்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. ஏல நிறுவனம் வாங்குகிறவரிடம் 10 சதவீதம் அளவுக்குக் கட்டணம் வாங்கும். 30 லட்சம் டாலர் காருக்கு அதுவே 3 லட்சம். லாஃபெராரி, 918, மெக்லாரன் பி1 மூன்றும் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் உள்ளவை. வயதான பேட்டரியை மாற்றும் செலவு ஒரு நல்ல சொகுசுக் காரின் விலைக்கு வரலாம், ஆகவே பேட்டரியின் நிலையைக் கம்பெனி சர்வீஸ் மையத்தில் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டாமலே நிறுத்தி வைத்த கார் நல்ல கார் என்பது ஒரு மயக்கம். சீல்கள் காய்ந்திருக்கும், டயர் இறுகியிருக்கும். கொஞ்சம் ஓடிய, சர்வீஸ் புத்தகம் நிறைந்த கார் எனக்கு மேல். விற்கக்கூடாது என்ற நிபந்தனைக் காலம் முடியாத காரா என்றும் பார்க்க வேண்டும். முதல் உரிமையாளர் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தகராறில் உங்கள் கார் சாட்சியாகப் போய் நிற்கும்.

இதற்குள்ளேயே ஓர் உயர்ந்த மாடி இருக்கிறது: கம்பெனியே நடத்தும் அறப்பணி ஏலம். 2016 டிசம்பரில், இத்தாலி நிலநடுக்க நிவாரணத்துக்காக 500-வது லாஃபெராரியைச் செய்து ஏலம் விட்டார்கள், 70 லட்சம் டாலர். 2025 ஆகஸ்டில் 599-க்கு மேல் ஒன்றாகச் செய்த டேடோனா எஸ்பி3 அமெரிக்காவின் மான்டெரேயில் நடந்த ஏலத்தில் 2.6 கோடி டாலருக்குப் போனது. தகுதி, ஏணி, சிபாரிசு எல்லாவற்றையும் ஒரே தாவலில் தாண்டும் வழி இதுதான். தாவலின் உயரம்தான் 2.6 கோடி.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியே சொல்லும் விலை | சொல்லாத செலவு | காத்திருப்பு | விற்கும் உரிமை | தோற்றால் |
|---|---|---|---|---|---|
| அழைப்பு | குறைவு | முன்னால் வாங்கும் கார்கள், நடத்தை | பல ஆண்டுகள் | பெயருக்கு உண்டு, விற்றால் அடுத்த அழைப்பு இல்லை | விலை இறங்கிய கார்கள் |
| விண்ணப்பம் | குறைவு | இரண்டு ஆண்டு முடங்கும் பணம் | ஓராண்டு முதல் | ஒப்பந்தப்படி தடை | ஒரு மாலைப்பொழுது |
| முன்பணம் | நடுத்தரம் | வட்டி, மாறிப்போகும் வாக்குறுதி | இரண்டு முதல் ஆறு ஆண்டு | கம்பெனியைப் பொறுத்தது | முன்பணம், சில சமயம் வழக்கு |
| கைமாற்று | மிக அதிகம் | ஏலக் கட்டணம், பேட்டரி, சர்வீஸ் | இல்லை | முழுவதும் | சோதனைக்கான செலவு |

## யாருக்கு எது?

லாபத்துக்காக வாங்க நினைப்பவரே, முதல் மூன்று வழியும் உங்களைத் தடுப்பதற்காகவே கட்டப்பட்டவை. நான்காவதில் லாபத்தை உங்களுக்கு முன்னால் இருந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிலம் வாங்குங்கள்.

ஒரு கம்பெனியின் கார்களை மட்டுமே விரும்புகிறவருக்கு அழைப்பு. கேமரா முன் பேசத் தெரிந்தவர், காரை நாலு பேர் பார்க்க ஓட்டுகிறவர், அந்தக் காருக்கு விண்ணப்ப முறை இருந்தால் தயங்காமல் போடலாம், இழப்பதற்கு ஒன்றும் இல்லை. முன்பணம் கட்டுவதாக இருந்தால், கம்பெனி காட்டுவது ஓடும் காரா, மேடையில் நிற்கும் மாதிரியா என்று பாருங்கள். எஞ்சின் முடிவாகாத காருக்குப் பணம் கட்டுவது எக்ஸ்ஜே220-க்குக் கட்டுவது. ஒப்பந்தத்தில் சொன்ன எஞ்சின் மாறினால் பணம் திரும்ப வரும் என்ற வரி இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மற்ற எல்லோருக்கும், அதாவது ஒரு கார் பிடித்திருக்கிறது, அது வேண்டும், வேறு வம்பு வேண்டாம் என்கிறவருக்கு, கைமாற்றுதான். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மலையுங்கள், பிறகு மற்ற மூன்று வழியின் கணக்கையும் முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

## இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க

லாஃபெராரி, 918 ஸ்பைடர், மெக்லாரன் பி1, ஃபோர்டு ஜிடி நான்கும் இடது பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்தவை. இந்தியாவில் இறக்குமதி செய்யும் காருக்கு வலது பக்க ஸ்டீயரிங் வேண்டும், பழைய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதியே மேலே சொன்ன நான்கையும் கழித்துவிடுகிறது. மிச்சமுள்ள கார்களுக்கு இறக்குமதி வரி காரின் விலையளவுக்கு வந்து நிற்கும். அதனால்தான் இந்த மாதிரிக் கார்களை வைத்திருக்கும் இந்தியர்கள் பெரும்பாலும் அவற்றைத் துபாயிலோ லண்டனிலோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி வாங்குபவர்கள் அங்கே நிறுத்துமிட வாடகை, அந்த ஊர் இன்சூரன்ஸ், ஆண்டுக்கு இரண்டு முறை போய்வரும் விமானக் கட்டணம் மூன்றையும் அட்டவணையின் ‘சொல்லாத செலவு’ கட்டத்தில் பென்சிலால் சேர்த்து எழுதிக்கொள்ளவும்.